ஆடி மாதம், ஒரே வீடு: கேட்டவர்களுக்குப் பதில்

நான் மதுரையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். போன ஆடியில் ஒன்றாம் தேதி தொடங்கி மாதம் முடியும் வரை எங்கள் வீட்டில் நடப்பதை மட்டும் போனில் எடுத்து வைத்தேன். அதைச் சொன்னதும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏன்ணே ஆடி? சித்திரை என்றால் திருவிழாவும் சேர்ந்து கிடைத்திருக்குமே? (செல்லூர்)

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. முதல் காரணம் அதுதான். அப்புறம், அழகர் ஆற்றில் இறங்கும்போது போனைத் தூக்காத கை ஏது? அந்தப் படம் எல்லார் வீட்டிலும் இருக்கும். காலை ஏழே முக்காலுக்கு என் மகள் ஒரு காலில் ஷூவோடு இன்னொன்றைக் கட்டிலுக்கடியில் தேடும் படம் வேறு யாரிடம் இருக்கும்?

ஒரு நாளைக்கு எத்தனை படம்? (மேலூர்)

எடுப்பது உங்கள் இஷ்டம், வைத்துக்கொள்வது ஒன்று. அன்று ராத்திரியே தேர்ந்தெடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால் ஆயிரம் படத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடுப்படியில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது தம்பி. போன் போய்விட்டதா? (திருமங்கலம்)

போன் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, வேலையைக் காட்டுவது லைட். நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் பழைய டியூப்லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் சுற்றுக்கு இரண்டாக நொடிக்கு 100 தடவை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரிந்துவிடும். போன் கேமராவில் ‘ப்ரோ’ மோடுக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். தாளித்த கையோடு போனை எடுத்தால் மங்கலாகத்தான் வரும்.

என்னைக் கேட்டால் லைட்டையே அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாம். ஆடியில் மதுரைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சூரியன் காலை முதல் மாலை வரை வடக்கே ஒதுங்கியே போகும். மார்கழியில் எட்டிக்கூடப் பார்க்காத வெயில், எங்கள் வடக்கு ஜன்னலில் காலை எட்டரைக்குச் சாய்வாக உள்ளே வந்துவிடும். அம்மா அந்த இடத்தில்தான் மல்லி தொடுக்க உட்காருவார். நனைத்த வாழைநார், இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முகத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் எடுத்தேன். ஆட்காட்டி விரலின் ஓரத்தில் நார் இழுத்து இழுத்துக் காய்த்த கோடு ஒன்று இருக்கிறது. 43 வயதில், அதுவும் படத்தைப் பெரிதாக்கியபோதுதான், அதைப் பார்த்தேன்.

குடும்பக் குரூப்பில் போட்டு வைத்தால் போதாதா? (உசிலம்பட்டி)

போதாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதிக் குறிப்பும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, தங்கச்சி வீட்டில் இன்னொரு பிரதி என்று இருக்கட்டும். தேர்ந்த படங்களை 4x6 அளவில் பிரிண்ட் போட்டுவிடுங்கள். பக்கமே பசையாக இருக்கும் ஆல்பத்தை மட்டும் வாங்காதீர்கள். என் கல்யாண ஆல்பம் அந்த ரகம். பசை பழுத்துப்போய், உரிக்கப் போனால் மாமனாரின் பாதி முகம் பக்கத்தோடே தங்கிவிட்டது. கல்யாணப் படக்காரன் வீட்டிலேயே இந்தக் கதி.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? (திருப்பரங்குன்றம்)

யார், எங்கே, அன்றைக்கு என்ன குழம்பு. குழம்பை விட்டுவிடாதீர்கள். பிரிண்டின் பின்பக்கம் பால் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், அது ஞாபகம் இருக்கட்டும்.

பிள்ளைகள் ‘எடுக்காதே’ என்றால்? (அண்ணாநகர்)

அழித்துவிடுவேன். மகள் சொல்லி நாலு படம் போனது. அதில் ஒன்று அருமையான படம், இன்னும் வயிறு எரிகிறது.

எங்கப்பா போனைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறார். என்ன செய்ய அண்ணே? (வாடிப்பட்டி)

எங்கள் வீட்டிலும் அதே கதைதான் தம்பி. போனைக் கண்டால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். 20 நாள் அவர் முதுகைத்தான் எடுத்தேன். கடுப்பாகி, ‘நீங்களே எடுங்கப்பா’ என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மத்தியானம் முழுக்க எடுத்திருக்கிறார். டிவி, காலண்டர், அவருடைய கட்டைவிரல், மறுபடியும் டிவி. நடுவில் ஒரு படத்தில் நான் பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன், மேலே ஃபேன். மாதம் முழுக்க எடுத்ததில் நான் இருக்கும் ஒரே படம் அதுதான். குறிப்பையும் அவரே எழுதட்டும் என்று நோட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்: ‘ஆடி 22. ஃபேன் சத்தம் இன்னும் சரியாகவில்லை.’