வாசகர் கேள்வி – பதில்: கைக்கு அடக்கமான செலவில் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் பலகாரங்களைப் பற்றியும் வீட்டிலேயே செய்து கொடுக்கக்கூடிய பரிசுகளைப் பற்றியும் கொங்குப் பகுதி வாசகர்கள் கேட்டிருந்தவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

ஆண்டுதோறும் உறவினர், அக்கம்பக்கத்தார் என்று பதினைந்து வீடுகளுக்கு பேக்கரியில் பிளம் கேக் வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு மகளைக் கல்லூரியில் சேர்த்ததில் கை இறுக்கமாக இருக்கிறது. வீட்டில் செய்தால் செலவு குறையுமா? கஞ்சத்தனமாகத் தெரியாதா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

செலவு நிச்சயம் குறையும். ஆனால் அதே பிளம் கேக்கை வீட்டில் செய்து கொடுக்க நினைத்தால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. முந்திரி, உலர்திராட்சை, வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் சில்லறை விலைக்கு வாங்கி, பதினைந்து கேக்குகளை ஒவ்வொன்றாகச் சுட்டெடுத்து முடிப்பதற்குள் கேஸும் தீரும், உங்கள் பொறுமையும் தீரும். கேக்கை வீட்டுக்கென்று ஒன்று மட்டும் செய்துகொண்டு, கொடுப்பதற்குக் கல்கல், அச்சு முறுக்கு, கடலை உருண்டை ஆகிய மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு வேண்டிய மைதா, அரிசி, தேங்காய், கடலைக்காய் ஆகியவற்றில் எதுவும் விலை கூடிய பொருளல்ல. வெல்லத்துக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் பெயர்பெற்ற கவுந்தப்பாடி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகும் ஊரிலிருந்து கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வெல்லம் வாங்குவதும் நல்ல பொருத்தம்தான்.

கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்ற கவலை வேண்டாம். மூன்றே வகையானாலும் மொறுமொறுப்புக் கெடாமல் டப்பா நிறைய இருந்தால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். எட்டு வகை வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வைத்தால்தான் பார்ப்பார்கள்.

மூன்றிலும் அதிகக் கைவேலை கல்கலுக்குத்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அரை கிலோ மைதாவுக்கு 150 கிராம் பொடித்த சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலப்பொடி போதும். வெண்ணெயை முதலில் மாவோடு விரல்நுனியால் உதிரியாகப் பிசறி, பிடித்தால் பிடியாகவும் விட்டால் உதிரவும் செய்கிற பக்குவம் வந்த பிறகே, கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பூரி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். மாவை மூடி அரை மணி நேரம் வைத்திருந்து, சுண்டைக்காய் அளவு உருண்டையை முள்கரண்டியின் பின்புறத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியபடி கீழ்நோக்கி இழுத்தால், வரிகள் விழுந்த சிறு சங்குபோல் தானாகச் சுருண்டுகொள்ளும். முள்கரண்டி இல்லாத வீட்டில் இதற்கென்றே ஒரு புதுச் சீப்பை வாங்கிக் கழுவி வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளை உட்காரவைத்தால் ஒரு மாலைக்குள் அரை கிலோ மாவும் முடிந்துவிடும்.

பொரிக்கும்போது எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். அதிகம் காய்ந்திருந்தால் மேலே சிவந்து உள்ளே மாவு வேகாமல் நின்றுவிடும். அந்தக் கல்கல் அன்றைக்கு மொறுமொறுவென்று இருந்தாலும் இரண்டு நாளில் நமத்துப்போகும். வெளியே எடுத்த பிறகும் நிறம் ஏறும் என்பதால் வெளிர் பொன்னிறத்திலேயே அரித்துவிடுங்கள். அடிவரை ஆறுவதற்கு முன் டப்பாவை மூடக் கூடாது.

கடலை உருண்டைக்கு, வறுத்துத் தோல் நீக்கிப் புடைத்த அரை கிலோ கடலைக்கு 300 கிராம் வெல்லம் என்பது நல்ல கணக்கு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பிறகே பாகு காய்ச்சுங்கள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் உருண்டை பல்லில் ஒட்டும்.

எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். கடலை உருண்டை நீண்ட நாள் தாங்கும் என்பதால் டிசம்பர் 15ஆம் தேதி வாக்கிலேயே பிடித்து வைத்துவிடலாம். கல்கலை 20ஆம் தேதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் மிக விரைவாக நமத்துப்போவது அச்சு முறுக்கு. அதை 22, 23ஆம் தேதிகளுக்கு ஒதுக்குங்கள்.

அச்சு முறுக்கு அச்சை விட்டுப் பிரிந்து வருவதே இல்லை. கம்பியால் குத்தித் தள்ளினால் உடைந்துவிடுகிறது. மாவில் குறையா, அச்சில் குறையா?
— வாசகி, பொள்ளாச்சி

இரண்டிலும் இருக்கலாம். புது அச்சாக இருந்தால் ஓர் இரவு கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்து, மறுநாள் முழுவதும் தேங்காய் எண்ணெயில் போட்டுப் பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். பழைய அச்சென்றால், மாவில் முக்கும் விதத்தைக் கவனியுங்கள். அச்சின் உயரத்தில் முக்கால் பங்குதான் மாவுக்குள் இறங்க வேண்டும். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அது அச்சின் மேல்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும், பிறகு எவ்வளவு உதறினாலும் விழாது. அச்சின் சூட்டையும் பார்க்க வேண்டும். சூடு போதவில்லை என்றால் மாவு அச்சில் பிடிக்காமல் கிண்ணத்துக்குள்ளேயே வழுக்கி விழும். ஒவ்வொரு முறையும் முறுக்கைக் கழற்றியவுடன் அச்சை எண்ணெய்க்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தால் இந்தத் தொல்லை வராது. சர்க்கரை கூடினாலும் ஒட்டும். ஒரு கப் மைதா, அரை கப் அரிசி மாவு, அரை கப் சர்க்கரை, ஒரு முட்டை, ஏறத்தாழ ஒரு கப் தேங்காய்ப்பால் என்ற அளவை மீறாமல், தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்துப் பாருங்கள். தேங்காய்க்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு பாக்கெட் தேங்காய்ப்பால் வாங்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

மழையில் எங்கள் தோட்டத்துப் பப்பாளி மரம் ஒன்று காயோடு சாய்ந்துவிட்டது. கேக்கில் போடும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயில்தான் செய்வது என்கிறார்கள். வீட்டில் செய்ய முடியுமா?
— வாசகர், தாராபுரம்

முடியும். கடைகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக விற்பதில் பெரும்பகுதி பப்பாளிக்காய்தான். கிறிஸ்துமஸ் கேக்கின் செலவைக் குறைக்க இதைவிடச் சிறந்த வழி எங்களுக்குத் தெரியவில்லை. சிறு பாட்டிலில் அடைத்து, கேக் செய்யும் நண்பர்களுக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்தால் அதுவே நல்ல பரிசாகும்.

உள்ளே சிறிதும் நிறம் மாறாத, வெள்ளையாக இருக்கும் காய்களை மட்டும் எடுங்கள், செங்காய் குழைந்துவிடும். பப்பாளிப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் காயின் மேல் நீளவாக்கில் கீறிப் பாலை வடியவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவது நல்லது. உங்கள் மரம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.2 ரகமாக இருந்தால், பாலெடுப்பதற்கும் ஏற்ற ரகம் என்பதால் இன்னும் கவனமாக இருங்கள். தோலும் விதையும் நீக்கி, பட்டாணி அளவுக்குச் சதுரமாக நறுக்கிய அரை கிலோ துண்டுகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வேகவிடுங்கள். துண்டின் வெண்மை போய் ஓரங்கள் கண்ணாடிபோல் தெரியத் தொடங்கியதும் வடித்துவிட வேண்டும். நகத்தால் அழுத்தினால் நசுங்கக் கூடாது.

அடுத்து 350 கிராம் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடித்த துண்டுகளைப் போட்டு, பாகு ஒரு கம்பிப் பதம் வரும்வரை சிறு தீயில் வையுங்கள். இறக்கி மூன்று கிண்ணங்களில் பாகோடு பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாறு, இன்னொன்றில் ஒரு துளி மஞ்சள்தூள், மூன்றாவதை அப்படியே விட்டு ஒரு நாள் முழுவதும் ஊறவிட வேண்டும். மஞ்சள் கூடினால் கேக்கில் சாம்பார் வாசம் வரும். ஈரோட்டு மஞ்சள் என்றால் இன்னும் கையடக்கிப் போடுங்கள். மறுநாள் பாகை வடித்துவிட்டு, சுத்தமான துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தினால் கையில் ஒட்டாமலும் வளைந்துகொடுக்கும்படியும் இருக்கும். வடித்த பாகைக் கொட்டிவிடாதீர்கள்; கேக்குக்கான சர்க்கரையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். துண்டுகள் கேக்கின் அடியில் போய்த் தங்காமல் இருக்க, மாவில் சேர்க்கும் முன் சிறிது மைதாவில் புரட்டிக்கொள்ள வேண்டும்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். மேற்பார்வையாளர் அனுமதியோடு கட்டிங் வேஸ்ட் துணி கிடைக்கும். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பெற்றோருக்கான பரிசு ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், திருப்பூர்

சூடான பாத்திரம் வைக்கும் வட்டத் தட்டு செய்யச் சொல்லுங்கள். தையல் மெஷின் தேவையில்லை. பனியன் துணியைக் குறுக்குவாக்கில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு நாடாவாக வெட்டி இரு முனையையும் பிடித்து இழுத்தால், ஓரங்கள் உள்ளே சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும், பிசிறு தெரியாது. மூன்று கயிறுகளைத் தலைப்பின்னல் போடுவதுபோல் பின்னி, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே போய், அடிப்பக்கத்தில் ஊசிநூலால் கட்டித் தைத்தால் முடிந்தது. சாண் அகலம் போதும். சிவப்பும் பச்சையும் வெள்ளையும் கலந்து பின்னினால் பண்டிகை நிறமும் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு சிறு துண்டைப் பெரியவர்கள் யாராவது கொளுத்திப் பார்த்தால் தெரியும். பருத்தி, காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். உருகும் துணியின் மேல் கொதிக்கும் குக்கரை வைக்க முடியாது. அந்தத் துணியை வீணாக்காமல், பிள்ளைகள் விளையாடும் துணிப்பந்துக்குள் அடைக்கப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் திராட்சை ஒயின் செய்து பாட்டிலில் கொடுக்கலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். நொதிக்கவைத்த ஒயின் மதுவகையைச் சேர்ந்தது. அதை உரிமமின்றிக் காய்ச்சுவதற்குத் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தரவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே உங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அதற்குப் பதிலாக, பெயரில் மட்டும் ஒயினாக இருக்கும் இஞ்சி ஒயினைச் செய்யுங்கள். 100 கிராம் இஞ்சியைத் தட்டி, பட்டை, கிராம்பு, ஒரு காய்ந்த மிளகாயோடு ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, அரை கிலோ சர்க்கரை சேர்த்துக் கரையுங்கள். நிறத்துக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரையைத் தனியாகக் கருக்கி ஊற்றி, ஆறிய பிறகு நான்கு எலுமிச்சம்பழங்களைப் பிழிய வேண்டும். குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். தண்ணீர் கலந்து குடிக்க வேண்டியது என்று பாட்டிலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நாங்கள் இந்துக்கள். எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தினர் ஆண்டுதோறும் கேக்கும் பிரியாணியும் கொடுத்தனுப்புகிறார்கள். தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் கொடுத்தாலும், அவர்கள் பண்டிகைக்கும் ஏதாவது செய்ய ஆசை. என்ன கொடுப்பது?
— வாசகி, ஈரோடு

இனிப்பைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 25 அன்று மாலைக்குள் அவர்கள் வீட்டில் வைக்க இடமில்லாத அளவுக்குக் கேக் சேர்ந்திருக்கும். கொள்ளையும் துவரம்பருப்பையும் தனித்தனியாக வறுத்து, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய், பூண்டு சேர்த்துப் பொடித்த கொள்ளுப்பொடி ஒரு பாட்டில் கொடுங்கள்; விருந்தும் இனிப்பும் தின்று சலித்த வயிற்றுக்கு, மறுநாள் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட அதைவிட வேறென்ன வேண்டும்? பூண்டை நன்றாகச் சுருள வறுத்துச் சேர்த்தால்தான் பொடி கெடாது. பண்டிகைக்கு முந்தின நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அன்றிரவு ஆராதனைக்குப் போகும் குடும்பமாக இருந்தால் மாலையில் அவர்களுக்கு நேரம் இருக்காது.

கேளாமலேயே இன்னொன்றும் சொல்கிறோம். சாமிக்குப் படைத்த உணவைப் பெற்றுக்கொள்ளச் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் தயங்குவதுண்டு. முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள். தீபாவளிப் பலகாரம் கொடுக்கும்போதும், படைப்பதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் இரு வீட்டாருக்கும் சங்கடமில்லை.

கல்கலும் கேக்கும் செய்து கொடுத்ததில், காசுக்குச் செய்து தர முடியுமா என்று இரண்டு வீடுகளில் கேட்டார்கள். செய்யலாமா?
— வாசகி, கரூர்

செய்யலாம். பரிசாகக் கொடுப்பதற்கு எந்தப் பதிவும் வேண்டாம். விலைக்குக் கொடுக்கத் தொடங்கினால் வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விலை வைக்கும்போது கேஸையும் உங்கள் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெண்கள் பெரும்பாலும் மறப்பது இந்த இரண்டையும்தான். பொட்டலத்துக்குச் செய்தித்தாள் வேண்டாம், அதன் மை எண்ணெய்ப் பலகாரத்தில் இறங்கும். உங்கள் ஊர் மேசைவிரிப்புத் துணியில் வெட்டுத்துண்டு கிடைத்தால், பட்டர் பேப்பரில் சுற்றிய பலகாரத்தை அதில் முடிந்து கொடுத்துப் பாருங்கள்.