வெறுங்காலும் ஈரமண்ணும் – கடிதம்

வணக்கம் ஐயா,

யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1966ல் எடுத்த ஒரு பாக்டீரியாவின் நொதிதான் பின்னாளில் பிசிஆர் பரிசோதனையைச் சாத்தியமாக்கியது என்று எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் வெந்நீர் ஊற்று, ஆழ்கடல், துருவப்பனி என்று எங்கெங்கோ நடக்கும் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கும் எங்களுக்கு என்ன இருக்கிறது? எங்கள் கைக்கு வருவதெல்லாம் மருந்துக்கடையில் விற்கும் புரோபயோட்டிக் டப்பாதான். என் அம்மாவுக்குப் பல வருடமாக இனிப்புநீர். குடலில் நல்ல கிருமி சேர்ந்தால் சர்க்கரை இறங்கும் என்று கடையில் சொன்னதால் மாதம் 180 ரிங்கிட் கொடுத்து வாங்குகிறோம். அம்மா டாக்டர் மாத்திரையையும் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் செருப்பில்லாமல் வெண்டையும் கீரையும் போடுவதையும் விடவில்லை. டப்பாவைத் தொடரலாமா?

ம., செந்தூல்

அன்புள்ள ம.,

டப்பாவை நிறுத்திவிடலாம். இனிப்புநீருக்கு அது மருந்தில்லை. குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சி பொய் என்று சொல்ல வரவில்லை. ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் கொண்டு செய்த மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022லும் 2023லும் அனுமதி கிடைத்தது. திரும்பத் திரும்ப வரும் ஒரேயொரு குடல் தொற்றுக்கு மட்டும், முறையாகச் சோதித்த பிறகு. டப்பாவில் வருவது அந்த வகையில் சேராது. இஸ்ரேலில் 2018ல் வெளியான ஓர் ஆய்வில், புரோபயோட்டிக் சாப்பிட்ட சிலரது குடலில் அந்தக் கிருமிகள் தங்கவே இல்லை. அம்மாவுக்குத் தயிர் பிடிக்குமென்றால் தயிர் சாப்பிடட்டும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. இனிப்புநீர் உள்ளவர் வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்கிறார். செந்தூலுக்கு என்ன இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

மெலியாய்டோசிஸ் என்றொரு நோய். அதைத் தரும் பாக்டீரியாவின் பெயர் பர்க்ஹோல்டெரியா சூடோமல்லை. நம் ஊர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்வது. 1911ல் ரங்கூனில் ஆல்ஃப்ரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரண்டு மருத்துவர்கள் பிணப்பரிசோதனைகளில் இதைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு கதை கோலாலம்பூருக்கு வருகிறது. 1900ல் இங்கே தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1913ல், ஆய்வுக்கூட விலங்குகள் கொத்தாகச் செத்தன. ஸ்டாண்டன், ஃப்ளெட்சர் என்ற இருவர் அதைத் துருவிப் பார்த்தார்கள். விலங்குகளைக் கொன்றதும் ரங்கூனில் மனிதர்களைக் கொன்றதும் ஒரே கிருமி. நோய்க்கு இன்றுள்ள பெயரை 1921ல் வைத்தவர்களும் அவர்கள்தான். ஜாலான் பகாங் வழியே போகும் செந்தூல்காரர்கள் எத்தனையோ முறை அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

வெந்நீர் ஊற்றுக் கிருமியைப் பற்றிப் படித்து வியந்தீர்கள் அல்லவா, இதையும் கேளுங்கள். தாய்லாந்தில் ஆய்வாளர்கள் இந்த பாக்டீரியாவை வெறும் காய்ச்சி வடித்த நீரில், எந்தச் சத்தும் சேர்க்காமல், விட்டுவைத்தார்கள். 16 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தது. 2004ல் இதன் மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்தபோது இரண்டு குரோமோசோம்கள், ஏறத்தாழ 72 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் என்று தெரிந்தது. பாக்டீரியாவுக்கு இது பெரிய தொகுதி. வறட்சி, பட்டினி, அமிலம் எல்லாவற்றையும் தாக்குப்பிடிக்கும் வழிகள் அதற்குள் இருக்கின்றன. அதே பிடிவாதத்தோடுதான் அது மனித உடம்பிலும் வாழ்கிறது. தன்னைக் கொல்ல வரும் வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து பெருகும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஒருவருக்கு, கிருமி தொற்றி 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டதாக மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு இருக்கிறது. அதைப் படித்தபோது, அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தோட்டத்து மக்களைத்தான் நினைத்தேன். அந்த மண்ணிலும் மழையிலும் யார் எந்தக் காய்ச்சலில் போனார்கள் என்பதற்கு முறையான பதிவேடுகூட அவர்களுக்கு இல்லை.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, அவர்களில் 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016ல் ஒரு மதிப்பீடு வெளியானது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 12 மடங்கு. இப்போது 2019ன் தேசிய சுகாதார ஆய்வைப் பாருங்கள். மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அப்போது இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. கோயில் மண்டபத்தில் நடக்கும் இனிப்புநீர் முகாமில் சோற்றின் அளவைச் சொல்கிறார்கள், கால் புண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள். மண்ணையும் சொல்ல வேண்டும். இதில் எனக்குக் கோபமே உண்டு.

நுண்ணுயிரால் தொழில்துறைக்கு என்ன பயன் என்று கேட்டால், நம் செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் வாழும் நுண்ணுயிர்கள் தரும் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பேராக்கின் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றிலும் மலேசிய ஆய்வாளர்கள் வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்களைத் தேடியிருக்கிறார்கள். யெல்லோஸ்டோனுக்குப் போக வேண்டியதில்லை. அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

அம்மா தோட்டத்தை விட வேண்டாம். கொல்லைக்குப் போகும்போது ரப்பர் பூட்ஸ், கையுறை போடட்டும். காலிலோ கையிலோ வெட்டு, வெடிப்பு இருந்தால் ஆறும்வரை மண்ணைத் தொட வேண்டாம். அடைமழையில் கிருமி மேல்மண்ணுக்கு வருகிறது, காற்றோடு மூச்சிலும் போகிறது. அந்த நாட்களில் வீட்டுக்குள் இருக்கட்டும். வெள்ளம் வடிந்த பின் சேற்றை வேறு யாராவது அள்ளுங்கள்.

காய்ச்சல் வந்து சில நாளில் விடவில்லை என்றால், அல்லது இருமலும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால், கிளினிக்கில் நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டியது இரண்டு: அம்மாவுக்கு இனிப்புநீர், அம்மா மண்ணில் வேலை செய்கிறவர். இது காசநோயைப் போலவே காட்டும். சாதாரண நிமோனியா போலவும் காட்டும். ரத்தத்தை, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால்தான் பெரும்பாலும் தெரியவரும், அதிலும் சில சமயம் தப்பிவிடும். ஒருமுறை இல்லை என்று வந்தும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகள் இதனிடம் பலிக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாளாவது போட வேண்டும், பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதமே மாத்திரையை விடுகிறவர்களுக்குத்தான் நோய் பெரும்பாலும் திரும்பி வருகிறது.