பல வருடம் எழுதிய ஃபேண்டஸி தொடரை முடித்து விடைபெறும்போது எழுத்தாளருக்கு எப்படி இருக்கும்? வருத்தமா, நிம்மதியா?

ஏழு பாகம், பதினோரு வருடம் எழுதிய ஒரு தொடரைப் போன வருடம் முடித்தவன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். தொடரின் பெயரைச் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், அது வேண்டாம். ஆனால் கதையைக் கொஞ்சமாவது சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

வருத்தம், நிம்மதி இரண்டுமே இருந்தன. நான் எதிர்பார்த்த நாளில் மட்டும் இரண்டும் வரவில்லை.

என் கதையில் மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. மந்திரம் போடுகிறவர் தன்னிடம் இருக்கும் ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். கொடுத்த சொல் திரும்பி வராது. அதைப் பேச முடியாது, எழுத முடியாது, அடுத்தவர் சொன்னால் காதில் வெறும் சத்தமாக விழும். யாரும் புழங்காத ஏதோ ஒரு சொல்லைக் கொடுத்து ஏமாற்றவும் முடியாது. மந்திரம் பெரிதாகப் பெரிதாக, தினமும் வாயில் வருகிற சொல்லாகக் கொடுக்க வேண்டும். அதனால் அந்த உலகத்தில் பெரிய மந்திரவாதிகள் எல்லோரும் கிட்டத்தட்டப் பேச்சிழந்தவர்கள்.

முதல் பாகத்திலேயே நாயகியின் குரு "தண்ணீர்" என்ற சொல்லை இழக்கிறார். அந்த அத்தியாயம் இணையத்தில் வந்த மறுநாளே ஒரு வாசகர் கேட்டு எழுதினார்: "தண்ணீர் போனால் என்ன, நீர் என்று கேட்கலாமே?" சரியான கேள்வி. நான் யோசித்தே இருக்கவில்லை. ஒரு பொருளுக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையும் சேர்ந்துதான் போகும், நீர், தண்ணி, புனல் எல்லாம் போயிற்று என்று விதி வகுத்தேன். உடனே அடுத்த கடிதம் வந்தது: "அப்படியென்றால் கண்ணீர்?" இதற்கு இரண்டு நாள் ஆயிற்று. கண்ணீர் வேறு பொருள், அது அவரிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

நான்கு வருடம் கழித்து, நான்காம் பாகத்தில் அந்தக் குரு காய்ச்சலில் கிடக்கிறார். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கை தூக்கிச் சைகை காட்டவும் தெம்பில்லை. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெண்ணிடம் "கண்ணீர்... கொஞ்சம் கண்ணீர்" என்கிறார். அவள் ஒரு நொடி விழித்துவிட்டு, எழுந்து போய்க் குவளையை நிரப்பிக்கொண்டு வருகிறாள். தொடரில் அதிகம் பேர் நினைவு வைத்திருக்கும் இடம் இதுதான். அந்த இரண்டாவது கடிதம் வராமல் இருந்திருந்தால் இந்தக் காட்சியே கிடையாது.

இதற்கெல்லாம் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தேன். பாத்திரத்துக்கு ஒரு பக்கம். இழந்த சொல், எந்தப் பாகம், எந்த அத்தியாயம், யாருக்காக. நாயகியின் பக்கத்தில் கடைசியில் முப்பத்தொரு வரி சேர்ந்திருந்தது. அவள் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த முப்பத்தொன்றும் வராமல் எழுத வேண்டும். ஒருமுறை தவறிவிட்டேன். இரண்டாம் பாகத்தில் "விளக்கு" என்ற சொல்லை இழந்த கொல்லர், ஐந்தாம் பாகத்தில் "விளக்கை அணை" என்று கத்திவிட்டார். அதையும் அந்த வாசகர்தான் பிடித்தார். மறுபதிப்பில் திருத்தினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பாகம் வந்ததும் அவரிடமிருந்து ஒரு பிழைப்பட்டியல் வரும். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

இப்போது முடிவுக்கு வருகிறேன்.

ஆறாம் பாகத்தில் ஒன்றரை வருடம் சிக்கி நின்றேன். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டனைப் பற்றி விரிவாகப் படித்தேன். "வீல் ஆஃப் டைம்" தொடரின் முதல் புத்தகம் 1990இல் வந்தது. முடிக்குமுன்பே, 2007 செப்டம்பரில், அரிய நோய் ஒன்றால் அவர் இறந்துபோனார். ஆனால் கடைசிக் காட்சியை எழுதிவைத்திருந்தார், குறிப்புகளும் விட்டுப்போயிருந்தார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். ஒரு புத்தகமாக நினைத்தது மூன்றாக வளர்ந்து, 2013இல் பதினாலாவது பாகத்தோடு தொடர் முடிந்தது. தான் எழுதிய முடிவை வாசகர்கள் படிப்பதைப் பார்க்க ஜோர்டன் இல்லை.

அன்று ராத்திரியே உட்கார்ந்து என் தொடரின் கடைசிக் காட்சியை எழுதினேன். அச்செடுத்து உறையில் போட்டு, எங்கே இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். அவன் பயந்துவிட்டான். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டான்.

அந்தக் காட்சி இதுதான். கடலைத் திருப்பி அனுப்ப, நாயகி தன் கடைசி விலையாக "நான்" என்ற சொல்லைக் கொடுத்துவிடுகிறாள். நான் போனால் என், எனக்கு, என்னை எல்லாமே போய்விடும். எல்லாம் முடிந்து இருட்டில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருந்து அம்மா "யாரு?" என்று கேட்கிறாள். எல்லோரும் சொல்கிற பதிலை இவளால் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: "வந்துட்டேன்மா."

சொல்தான் போகும், விகுதி போகாது என்று முதல் பாகம் எழுதும்போதே நோட்டில் குறித்திருந்தேன். எதற்காக அப்படிக் குறித்தேன் என்று நினைவில்லை. பதினோரு வருடமாக, "வந்துட்டேன்" என்பதன் கடைசியில் நிற்கும் அந்த "ஏன்" விகுதி ஒரு மூலையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நம் மொழி இப்படி அமைந்திருப்பதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆக, தொடர் முடிந்த நாளில் நான் செய்தது, மூன்று வருடம் முன்பு எழுதிய இரண்டு பக்கத்தை உறையிலிருந்து எடுத்துக் கடைசியில் சேர்த்ததுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஃபைலை மூடினேன், கீழே போய்த் துணி காயப்போட்டேன்.

அதற்கு முன்பு பட்ட பாடு வேறு. கடைசிப் பாகம் ஆரம்பிக்கும்போது, இதுவரை விடை சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒரு பட்டியல் போட்டேன். அறுபத்துநான்கு வந்தது. எல்லாவற்றையும் முடித்துவைத்தால் அது கதையாக இருக்காது. கடைசியில் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: "பொறுங்கள், சொல்கிறேன்" என்று நானே வாசகரைக் காக்கவைத்தது எதுவோ அது கடன், அடைத்தே ஆக வேண்டும். மற்றபடி ஒரு பாத்திரம் பாதி வழியில் ஒரு ஊருக்குப் போனார், அப்புறம் என்ன ஆனார் என்பதெல்லாம் அவர் பாடு, அவர் வாழ்ந்துகொள்வார். கல்கியைக்கூட வாசகர்கள் விடவில்லை. மூன்றரை வருடம் வாராவாரம் வந்து 1954இல் "பொன்னியின் செல்வன்" முடிந்தபோது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குப் பதிலாக அவர் தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டிவந்தது. எனக்கும் அந்த மாதிரிக் கேள்விகள் இன்னும் வருகின்றன. கொல்லரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

வாசகர்களுக்கு எழுதும் விடைபெறும் குறிப்பு இன்னொரு கஷ்டம். முதலில் ஒன்பது பக்கம் எழுதினேன், கடைசியில் அரைப் பக்கம்தான் மிஞ்சியது. அதில் "இனி இந்த உலகத்தைப் பற்றி எழுதவே மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அப்படிச் சொன்னவர்களின் கதை எனக்குத் தெரியும். ஓஸ் கதைகளை எழுதிய எல். ஃபிராங்க் பாம் 1910இல், ஆறாவது புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ள நினைத்தார். ஓஸ் நாடு வெளியுலகத்தின் கண்ணுக்குத் தெரியாதபடி மந்திரத்தால் மறைக்கப்பட்டுவிட்டது, இனி அங்கிருந்து எந்தச் சேதியும் வராது என்று கதைக்குள்ளேயே கதவைச் சாத்தினார். குழந்தைகள் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. அவருக்குப் பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1913இல் திரும்பி வந்தார். எப்படிச் சேதி கிடைத்தது என்பதற்கு, கம்பியில்லாத் தந்தி மூலம் கேட்கலாமே என்று ஒரு குழந்தை யோசனை சொன்னதாக முன்னுரையில் எழுதினார். 1919இல் இறக்கும் வரை ஓஸ்தான். அவர் எழுதிய பதினான்காவது புத்தகம் அவர் போனபிறகு 1920இல் வந்தது.

பாமுக்காவது கடிதங்களும் பணமும் காரணம். உர்சுலா கே. லெ குவின் 1990இல் எர்த்சீ வரிசையின் நான்காவது நாவலுக்கு "எர்த்சீயின் கடைசிப் புத்தகம்" என்றே துணைத்தலைப்பு வைத்தார். 2001இல் அதே உலகத்தில் மேலும் இரண்டு புத்தகங்கள் வந்தன. கடைசி என்று சொன்னது தன் தவறு என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பதினோரு வருடத்தில் அவருக்குப் புதிதாகச் சொல்ல ஏதோ சேர்ந்திருக்கிறது, கதவைத் திறந்தார். இதில் வாக்குத் தவறியதாக எனக்குப் படவில்லை. அதனால் என் குறிப்பில் "இந்தக் கதை முடிந்தது" என்று மட்டும் எழுதினேன். எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

நோட்டை அப்படியே புத்தகமாகப் போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். அதில் நான் வேண்டாம் என்று விட்ட முடிவுகள் இருக்கின்றன, ஒன்றில் குரு சாகவில்லை. அதைப் படித்தவர்களுக்கு அவருடைய சாவு பாதிச் சாவாகிவிடும். டெர்ரி பிராட்செட் தன் முடிக்காத எழுத்துகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை அழித்துவிட வேண்டும் என்று விரும்பினார். அவர் மறைந்து இரண்டு வருடம் கழித்து, 2017இல், ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். டிஸ்க்வேர்ல்ட் என்ற ஃபேண்டஸி தொடரில் நாற்பத்தொரு நாவல் எழுதியவர். படித்தபோது ஐயோ என்றிருந்தது. இப்போது அவர் பக்கம்தான் நிற்பேன்.

சரி, வருத்தம் எப்போது வந்தது? கடைசிப் பாகம் வெளியாகி மூன்று வாரத்தில் அந்தப் பிழைப்பட்டியல் வாசகரின் மின்னஞ்சல் வந்தது. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கும். இந்தத் தடவை, "பிழை எதுவும் கண்ணில் படவில்லை. கொல்லர் ஒருமுறைகூட விளக்கு என்று சொல்லவில்லை. நன்றி" என்று மட்டும் இருந்தது. பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம் போன மாதம். ஒரு சின்னக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். மந்திரம் எதுவும் இல்லாத சாதாரணக் கதை. ஒரு தாத்தா வெயிலில் நடந்து வந்து பேத்தி வீட்டு வாசலில் உட்காருகிறார். அவர் பேச வேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது. இவரிடம் அந்தச் சொல் இருக்கிறதா, எந்தப் பாகத்தில் இழந்தார் என்று மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டைத் தேடினேன். கையில் எடுத்தபிறகுதான் உறைத்தது. இவருக்கு அதில் பக்கமே கிடையாது. இவரிடம் எல்லாச் சொல்லும் இருக்கிறது.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டே, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று எழுதினேன். அப்போதுதான் அழுதேன்.