ரப்பர் ஷீட்டும் மூன்று பாடங்களும்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் முடித்திருக்கிறாள். அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் ‘பி.பி.இ.’ படிப்புக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பி.காம். படித்தால் பிழைத்துக்கொள்வாள். இதுவோ அவியல் மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?
– ஒரு தகப்பன், குலசேகரம்

பதில்: அவியலைக் குறையாகச் சொன்ன முதல் குமரி மாவட்டத்துக்காரர் நீங்களாகத்தான் இருக்கும்.

குலசேகரம் என்கிறீர்கள், ரப்பரை வைத்தே பேசுவோம். விடியுமுன் மரப்பட்டையை வெட்டி, சிரட்டையில் வடிந்த பால் ஷீட்டாகிக் கடைக்குப் போகிறது. கடைக்காரர் கோட்டயம் சந்தை விலையைப் பார்த்து ஒரு தொகை சொல்கிறார். போன மாதத்தைவிட ஏன் குறைவு என்று தோண்டினால் அது பொருளாதாரம். வெளிநாட்டு ரப்பருக்கு 2015இல் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது வரி என்று வைத்தார்கள். அதைக் கூட்டச் சொல்லி விவசாயிகளும் குறைக்கச் சொல்லி டயர் கம்பெனிகளும் டெல்லியில் இழுப்பது அரசியல். சரி, விலை விழுந்த நஷ்டத்தைப் பால் வெட்டுகிறவர் தலையிலும் வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு விலைப் பட்டியலில் பதில் கிடையாது. அங்கேதான் தத்துவம் வருகிறது. உங்கள் மகள் கேட்பது இந்த மூன்றையும் ஒரே இடத்தில் படிக்க. ஆசை தப்பில்லை.

ஆக்ஸ்போர்டில் இந்தப் படிப்பு 1920இல் தொடங்கியது. பாகிஸ்தான் பிரதமராக இருந்த பேநசீர் பூட்டோ, பிரிட்டிஷ் பிரதமர்களாக இருந்த டேவிட் கேமரூன், ரிஷி சுனக் எல்லாம் இதைப் படித்தவர்கள். (படித்தவர்கள் எல்லாம் நன்றாக ஆண்டார்களா என்பது வேறு கதை.) அங்கேயே முதல் வருடம் முடிந்ததும் மூன்றில் ஒன்றை விட்டுவிடலாம். நம் நாட்டில் இப்படிச் சேர்த்துத் தருகிற இடங்கள் கொஞ்சம்தான். ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் அதில் ஒன்று. கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், அதையும் கேட்டுவிடுங்கள்.

எனக்கு இருக்கும் ஒரே கவலை கணக்கு. காமர்ஸ் குரூப்பில் அவள் வணிகக் கணிதம்கூட எடுக்காமல் இருந்தால் பொருளாதாரத் தாள் அவளைப் படுத்தும். எம்.ஏ. பொருளாதாரம் போவதானாலும் கணக்கு விடாது.

வேலை? சிவில் சர்வீஸ் மெயினில் இந்த மூன்றுமே தனித்தனி விருப்பப்பாடங்கள், பொதுத்தாள் நான்கு முழுக்க அறவியல். அந்த வழிக்கு இது நல்ல அடித்தளம். ஆனால் தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர் வேலை மனதில் இருந்தால், இது பொருளாதாரப் பட்டத்துக்கு இணையானதுதானா என்று சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு சான்றிதழோடு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். போன மாதம் உங்கள் ஷீட்டுக்கு ஏன் அந்த விலை கிடைத்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரரிடமும் வெட்டுகிறவரிடமும் அவளே போய்க் கேட்டு வந்து எழுதினால், விண்ணப்பத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள்.