மெட்டல் மேக்ஸ்: டாங்கி ஓட்டும் வேட்டைக்காரர்களைப் பற்றிய கேள்வி பதில்

ஜப்பானிலிருந்து வந்த மெட்டல் மேக்ஸ் வீடியோ விளையாட்டுத் தொடரைப் பற்றி நண்பர்கள் பலரும் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு, நீண்ட காலமாக இந்த விளையாட்டுகளை ஆடி வருபவன் என்ற முறையில் என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: ஜப்பானிய ரோல்-பிளேயிங் (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும்) விளையாட்டு என்றாலே வாளும் மந்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன. மெட்டல் மேக்ஸ் எந்த வகையில் மாறுபட்டது?

பதில்: முதல் மெட்டல் மேக்ஸ் 1991 மே மாதத்தில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்காக வந்தது. கிரியா-டெக் உருவாக்கியது, டேட்டா ஈஸ்ட் வெளியிட்டது. இதை முன்னின்று நடத்திய ஹிரோஷி மியாவோகா, வாளும் மந்திரமும் நிறைந்த டிராகன் குவெஸ்ட் தொடரின் தொடக்க காலத்தில், அதை உருவாக்கிய யூஜி ஹோரியுடன் பணியாற்றியவர். டிராகன்களைக் கொன்று சலித்துவிட்டது என்று இந்த விளையாட்டுக்கு விளம்பரம் செய்தார்கள் என்றால், அது அந்த மரபை உள்ளேயிருந்து அறிந்தவர்கள் சொன்ன சொல்.

கதை நடப்பது பேரழிவுக்குப் பிந்தைய உலகில். பூமியின் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வழி தேடுவதற்காக உருவாக்கப்பட்ட நோவா என்ற கணினி, மனித இனத்தை அழிப்பதே அதற்கு வழி என்ற முடிவுக்கு வந்துவிட்டது. மிஞ்சியவர்கள் சிதறிய ஊர்களில் வாழ்கிறார்கள். நம் நாயகன் அரசகுமாரனும் அல்லன், தேர்ந்தெடுக்கப்பட்ட வீரனும் அல்லன். பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவரின் மகன். தந்தையின் தொழிலை விட்டு வேட்டைக்காரன் ஆகப்போகிறேன் என்று சொன்னதால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறான். அவ்வளவுதான் தொடக்கம்.

கேள்வி: அண்ணா, ஊரைவிட்டு வெளியே வந்தபின் எங்கே போவது என்றே தெரியவில்லை. யாரும் வழி சொல்லவில்லையே?

பதில்: சொல்ல மாட்டார்கள், தம்பி. 1991-இல் இது அரிதான துணிச்சல். அடுத்து இந்த ஊர், அதற்கடுத்து அந்தக் கோட்டை என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் கதை இதில் இல்லை. அதற்குப் பதிலாகத் தலைக்கு விலை வைக்கப்பட்ட அரக்கர்களும் குற்றவாளிகளும் இருக்கிறார்கள். வேட்டைக்காரர் அலுவலகத்தில் அவர்களுடைய விவரமும் பரிசுத் தொகையும் கிடைக்கும். யாரை முதலில் வீழ்த்துவது, யாரைத் தொடாமலே விடுவது என்பது உங்கள் விருப்பம். தொடக்கத்தில் மட்டும் ஒரே ஓர் அறிவுரை: ஊருக்கு அருகிலுள்ள குகையை ஒழுங்காகத் தேடிப் பாருங்கள். உங்கள் முதல் டாங்கி அங்கேதான் காத்திருக்கிறது. அதற்குள் ஏறி உட்கார்ந்த பிறகு, சற்றுமுன் உங்களை ஓட ஓட விரட்டிய உயிரினங்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

கேள்வி: இருப்பதிலேயே பெரிய பீரங்கியை வாங்கி மாட்டினேன். ஆனாலும் முன்பைவிட வேகமாகத் தோற்கிறேன். ஏன்?

பதில்: எல்லோரும் ஒருமுறை செய்யும் பிழை இது. இந்த விளையாட்டின் உயிரே இந்தக் கேள்வியில் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வண்டி சேஸிஸ் (அடிச்சட்டம்), எஞ்சின், கட்டுப்பாட்டுக் கருவி, பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி, சிறப்பு ஆயுதம் ஆகிய தனித்தனிப் பாகங்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. மொத்த எடையை எஞ்சின் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் வண்டி அசையாது. எஞ்சின் தாங்கக்கூடிய அளவில் பாகங்களுக்குப் போக மீதமிருக்கும் இடத்தில்தான் கவசத் தகடுகளை ஒட்ட முடியும். அடி விழும்போது உங்கள் உயிர்ப் புள்ளிகள் குறைவதில்லை, இந்தத் தகடுகள்தாம் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒரு பேச்சுக்கு, எஞ்சின் 20 டன் தாங்கும், பாகங்கள் 15 டன் என்று வைத்துக்கொள்வோம். 5 டன் அளவுக்குத் தகடு ஒட்டலாம். நீங்கள் வாங்கிய புதிய பீரங்கி பழையதைவிட 4 டன் கூடுதல் எடை என்றால், தகட்டுக்கு மிஞ்சுவது 1 டன் மட்டுமே. பலமாக அடிக்கிறீர்கள், ஆனால் ஏறக்குறைய வெற்றுடம்போடு நிற்கிறீர்கள்.

தகடுகள் தீர்ந்த பிறகு விழும் அடி பாகங்களைச் சிதைக்கத் தொடங்கும். பீரங்கி போனால் சுட முடியாது. எஞ்சின் போனால் வண்டி நின்றுவிடும். இன்னொரு வண்டியால் கட்டி இழுத்துக்கொண்டுதான் ஊர் திரும்ப வேண்டும். பாலைவனத்தின் நடுவே, உயிரற்ற டாங்கியை இழுத்துக்கொண்டு, அடுத்த சண்டை வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியாக நகர்ந்த அந்தப் பயணங்கள்தாம் எனக்கு இன்றும் மறக்காமல் இருக்கின்றன. எந்த வசனமும் இல்லாமல் எடைக் கணக்கு ஒன்றே அத்தனை பதற்றத்தையும் உண்டாக்கிவிடுகிறது.

ஆகவே முதலில் எஞ்சினை மேம்படுத்துங்கள், பீரங்கி பிறகு. பீரங்கிக் குண்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், சிறிய எதிரிகளை இயந்திரத் துப்பாக்கியால் தீர்த்துவிட்டு, குண்டுகளைப் பரிசுத் தொகை உள்ளவர்களுக்காகச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: வாடகை டாங்கி எடுப்பது லாபமா?

பதில்: அவசரத்துக்கு மட்டும். சண்டையில் கிடைக்கும் பணத்தில் பாதி வாடகையாகப் போய்விடும்.

கேள்வி: மூன்று பேர் கொண்ட குழுவில் மெக்கானிக் உண்மையிலேயே தேவையா? அவரை விட்டுவிட்டு ஆடலாமா?

பதில்: ஆடலாம், நான் செய்ய மாட்டேன். வேட்டைக்காரர் வண்டியிலிருந்து சுடுவதில் வல்லவர். படைவீரர் தரையில் இறங்கிப் போரிடுவதில் வல்லவர். வண்டி நுழைய முடியாத குறுகலான இடங்கள் நிறைய இருப்பதால் அவரும் இன்றியமையாதவர். ஆனால் ஊரிலிருந்து வெகுதொலைவில், எஞ்சின் பழுதாகி நிற்கும் நேரத்தில், கருவிப் பெட்டியோடு ஒருவர் உடனிருப்பதன் அருமை அங்கே நின்றால்தான் தெரியும். பட்டறைக்காரரின் மகனைப் பற்றிய கதையில் மெக்கானிக்கைப் புறக்கணிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: இரண்டாம் பாகத்தை எல்லோரும் சிறந்தது என்கிறார்களே. உங்கள் கருத்து?

பதில்: 1993-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த மெட்டல் மேக்ஸ் 2, உணர்ச்சியின் அளவில் முதற்பாகத்தைவிட ஆழமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனிதர்களை வேட்டையாடும் கிராப்ளர் கூட்டம் ஊருக்குள் புகுகிறது. நாயகனை வளர்த்த மரியாவை, டெட் பிராய்லர் என்பவன் கண்ணெதிரே நெருப்பால் கொல்கிறான். அதன்பின் உலகம் முன்போலவே திறந்திருந்தாலும், எங்கே சுற்றினாலும் அந்த ஒரு முகம் மனத்தில் நிற்கும். அவனைச் சந்திக்கும்போது அவனுடைய நெருப்பு குழு முழுவதையும் சுட்டெரிக்கும் என்பதால், நெருப்பைத் தாங்கும் உடைகளைச் சேர்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். போச்சி என்ற நாய் குழுவில் சேர்வதும் இந்தப் பாகத்தில்தான். அது உங்கள் கட்டளைக்குக் காத்திராமல், தனக்குத் தோன்றும்போது பாய்ந்து கடிக்கும்.

சுதந்திரத்தின் அளவில் மட்டும் நான் முதற்பாகத்தின் பக்கமே நிற்பேன். பழிவாங்கும் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது உங்களுக்கு ஓர் இலக்கைக் கொடுத்துவிடுகிறது.

கேள்வி: மெட்டல் சாகா என்றும் ஒன்று இருக்கிறது. அது நகலா?

பதில்: நகல் அன்று. டேட்டா ஈஸ்ட் 2003-இல் திவாலானது. மெட்டல் மேக்ஸ் என்ற பெயரின் உரிமை வேறு கைக்குப் போனதால், 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த தொடர்ச்சி மெட்டல் சாகா என்ற பெயரைத் தாங்கியது. 2010-இல் நின்டெண்டோ டிஎஸ்-க்கு வந்த மெட்டல் மேக்ஸ் 3 மூலம் பழைய பெயர் திரும்பியது.

கேள்வி: ஐயா, எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வந்தவை மெட்டல் சாகா, 2018-இன் மெட்டல் மேக்ஸ் ஸீனோ, அதன் மறு ஆக்கமான ஸீனோ ரீபார்ன் ஆகியவை. கையில் பிளேஸ்டேஷன் 2 இருந்தால் மெட்டல் சாகாவில் தொடங்குங்கள். பழைய மனப்பான்மை அதில் அதிகம். 1995-இல் வந்த மெட்டல் மேக்ஸ் ரிட்டர்ன்ஸ் முதற்பாகத்தின் அழகிய மறு ஆக்கம். அதற்கு ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு.

கேள்வி: முதற்பாகத்தில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன் என்று தேர்ந்தெடுத்ததும் விளையாட்டே முடிந்துவிட்டது! இது பிழையா?

பதில்: பிழையே அன்று. அதுதான் முடிவு. நோவாவை வீழ்த்தினாலும் உலகம் அப்படியே தொடரும். வேட்டைக்காரனின் வாழ்க்கை எப்போது முடிகிறது என்று தீர்மானிப்பவர் நீங்கள்தான். ஒரே ஒரு டாங்கியோடு வேட்டையை நிறுத்திவிட்டு வீடு திரும்பினாலும் பட்டறையில் தந்தை இருப்பார். தலைக்கு விலை வைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் வீழ்த்திவிட்டு வந்தாலும் இருப்பார். நீங்கள் சேவ் செய்திருந்தால் மீண்டும் அங்கிருந்து தொடங்கலாம். வடக்கே போகாத ஊர்கள் இருந்தால் இப்போது போய்ப் பாருங்கள்.