ஓவியரைக் கொஞ்ச நாள் அனுப்பி வையுங்கள்

கேள்வி: மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் ஒரு பிரபு இன்னொரு பிரபுவுக்குப் பணிவாகக் கடிதம் எழுதி, அவருடைய அரசவை ஓவியரை இரவல் கேட்பாராமே! ஓவியர் என்ன புத்தகமா, இரவல் தருவதற்கு?

பதில்: புத்தகம் இல்லை, ஆனால் அரண்மனைச் சம்பளக்காரர். வட இத்தாலியின் மாந்துவாவை ஆண்ட கோன்ஸாகா குடும்பத்திடம் ஓவியர் ஆந்திரேயா மந்தேன்யா 1460இல் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 15 டுகட் (தங்க நாணயம்), குடியிருக்க வீடு, ஆறு பேர் சாப்பிடும் அளவு தானியம், விறகு என்று பேச்சு. இப்படி ஒரு வீட்டின் உப்பைத் தின்பவர் வெளியூரில் வேலை ஒப்புக்கொள்ள எஜமானர் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் கடிதம் ஓவியருக்குப் போகாமல் எஜமானருக்குப் போனது.

1488இல் மந்தேன்யாவைக் கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, போப் எட்டாம் இன்னசென்ட். வாடிகனின் பெல்வெடேர் மாளிகையில் ஒரு சிற்றாலயம், அதற்குச் சுவரோவியம் வேண்டும் என்றார். மாந்துவாவை அப்போது ஆண்ட மார்க்விஸ் (பிரபுப் பட்டம்) பிரான்செஸ்கோ கோன்ஸாகாவுக்கு அப்போது வயது 21. போப்பிடம் முடியாது என்று சொல்லும் நிலையில் எந்தச் சிற்றரசரும் இல்லை. அதிலும் இந்தக் குடும்பத்துக்கு ரோமில் இருந்த ஒரு கர்தினால் (போப்புக்கு அடுத்த படியில் இருக்கும் மதகுரு) 1483இல் இறந்துபோயிருந்ததால், போப்பின் தயவு இன்னும் தேவைப்பட்டது. ஜூன் மாதம் மந்தேன்யா கிளம்பினார். அவருக்கு ஐம்பத்தேழு வயது இருக்கும். 'சீசரின் வெற்றி ஊர்வலம்' என்று அவர் மாந்துவாவில் வரைந்துகொண்டிருந்த பெரிய துணி ஓவியங்கள் பாதியில் நின்றன.

ரோமிலிருந்து அவர் பிரான்செஸ்கோவுக்கு எழுதிய கடிதங்கள் சில பிழைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், பிரபுக்களின் அலங்காரக் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இவற்றைத்தான் படிக்க வேண்டும். 1489 ஜனவரிக் கடிதத்தில் மனிதர் தன் ஓவியங்களை நினைத்துத் தவிக்கிறார். அங்கே ஜன்னல் பழுதாகியிருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள், அவற்றை வரைந்ததற்காக நான் வெட்கப்படவில்லை, இன்னும் வரைய ஆசை இருக்கிறது என்கிறார். போப்பிடமிருந்து செலவுக்குக் கிடைக்கிறதே தவிர கூலி என்று ஒன்றும் வரவில்லை என்ற குறையும் கடிதங்களில் உண்டு. பிரான்செஸ்கோவின் பதில் அன்பானதுதான். ஓவியங்கள் உங்கள் கையும் அறிவும் செய்தவை, ஆனாலும் அவை எங்கள் வீட்டில் இருப்பது எங்களுக்குப் பெருமை, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதினார். கூடவே, அங்கே வேலையை நல்லபடியாக முடித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். எனக்கு வருத்தம் தருவது இதுதான். கொடுத்தவருக்குப் போப்பின் நல்லெண்ணம் கிடைத்தது, வாங்கியவருக்குச் சுவரோவியம் கிடைத்தது. நடுவில் வயதான ஓவியர் கூலிக்காகக் காத்திருந்தார்.

திரும்பக் கேட்பதற்கும் அதே பணிவு தேவைப்பட்டது. பிப்ரவரியில் இசபெல்லா தெஸ்தேயுடன் எனக்குத் திருமணம், ஏற்பாடுகளுக்கு மந்தேன்யா வேண்டும் என்று பிரான்செஸ்கோ 1489 டிசம்பரில் போப்புக்கு எழுதினார். அந்த நேரம் பார்த்து மந்தேன்யா உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது. அவர் ஊர் வந்து சேர்ந்தது 1490 செப்டம்பரில்.

அந்தச் சிற்றாலயத்தை 1780இல், அருங்காட்சியகம் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். ரோமில் அவர் பட்ட பாடெல்லாம் அதோடு போய்விட்டது. ஆனால் ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட்டாரே, அந்த ஊர்வல ஓவியங்கள் ஒன்பதும் பிழைத்து, இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தன.

கேள்வி: இரவல் போன ஓவியர் திரும்பி வராமலே இருந்ததுண்டா?

பதில்: ஏறக்குறைய உண்டு. லியொனார்தோ டாவின்சி, சொன்ன கெடுவுக்குத் திரும்பவே இல்லை! 1506இல் புளோரன்ஸ் அரசு அவரை மூன்று மாத விடுப்பில் மிலானுக்கு அனுப்பியது. தாமதித்தால் 150 புளோரின் (புளோரன்ஸின் தங்க நாணயம்) அபராதம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். மிலானில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த ஷார்ல் தாம்புவாஸ் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று இனிக்க இனிக்க எழுதிக்கொண்டே இருந்தார். புளோரன்ஸின் தலைவர் சொதெரினிக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல தொகை வாங்கிக்கொண்டு, பெரிய வேலையைச் சிறிதாகத் தொடங்கியதோடு விட்டுவிட்டார் என்று அக்டோபரில் வெளிப்படையாகவே எழுதினார். லியொனார்தோ புளோரன்ஸுக்காகத் தொடங்கியிருந்த 'ஆங்கியாரிப் போர்' சுவரோவியத்தைத்தான் சொன்னார். அவருடைய கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த ஜனவரியில் பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயியே புளோரன்ஸின் தூதரிடம் லியொனார்தோவைக் கேட்டார். மன்னர் கேட்டபிறகு புளோரன்ஸ் என்ன செய்யும்? சரி என்றது. அந்தச் சுவரோவியம் கடைசிவரை முடியவே இல்லை.

கேள்வி: ஆளைத்தான் இரவல் வாங்கினார்களா, ஓவியத்தையும் வாங்கினார்களா?

பதில்: ஓவியத்தையும்தான். மேலே சொன்ன இசபெல்லா, 1498 ஏப்ரலில் மிலானிலிருந்த செசிலியா கல்லெரானிக்கு எழுதினார்: லியொனார்தோ வரைந்த உங்கள் உருவப்படத்தை அனுப்புங்கள், வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் படங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மூன்றே நாளில் செசிலியா பதில் எழுதிப் படத்தையும் அனுப்பினார். படம் இப்போது என்னைப் போல இல்லை, ஆனால் அது ஓவியரின் குறை அல்ல, அவர் வரைந்தபோது நான் சின்னப் பெண், இப்போது அடையாளமே மாறிவிட்டது என்றார். கையில் வெள்ளை எர்மினை (கீரி போன்ற சிறு பிராணி) வைத்திருக்கும் பெண்ணின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இப்போது போலந்தின் கிராகோவ் நகரில் இருக்கிறது.