பயோகேஸ் கலனில் வாயு வந்தும் அடுப்பு எரியாதது பற்றி

வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் உள்ள உங்கள் குடியிருப்பின் பயோகேஸ் கலனில், பொங்கல் விருந்தில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் ஒரே நாளில் கொட்டிய பின், வாயு வந்தும் அடுப்பு பற்றவில்லை, புளித்த நாற்றம் அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கலன் பழுதாகவில்லை, உள்ளே அமிலம் மிகுந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

மாவுச்சத்தைச் சிதைத்து அசெட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். அந்த அமிலத்தையும், ஹைட்ரஜனோடு கரியமில வாயுவையும் மீத்தேன் என்னும் எரியும் வாயுவாக மாற்றுபவை ஆர்க்கியாக்கள் என்னும் வேறு வகை நுண்ணுயிர்கள். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஆர்க்கியாக்கள் பாக்டீரியாவிலிருந்து வேறான தனிப் பெரும்பிரிவு என்பதை, உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலுள்ள ஆர்.என்.ஏ. என்னும் மரபு மூலக்கூறை ஒப்பிட்டு 1977இல் அறிவியலாளர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தவையும் மீத்தேன் உண்டாக்கும் இந்த உயிர்களே. பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகி அமிலத்தைக் குவிக்க, மெதுவாக வளரும் ஆர்க்கியாக்கள் அதை உண்டு தீர்க்க இயலாமல் பின்தங்குகின்றன, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் மிகுதி) 6.5க்கும் கீழே இறங்கினால் அவற்றின் வேலை பெரிதும் குன்றி, எரியாத கரியமில வாயுவே மிகுதியாக வெளிவருகிறது. பெங்களூரின் சனவரிக் குளிரும் அவற்றுக்கு உகந்ததன்று.

ஆகவே கழிவு இடுவதை நிறுத்திவிட்டு, பி.எச். தாளால் நாள்தோறும் சோதித்து, அளவு 7ஐ நெருங்கும் வரை சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து ஊற்றுங்கள். புதிய மாட்டுச் சாணக் கரைசலும் சேர்த்தால், அதிலுள்ள ஆர்க்கியாக்கள் துணைக்கு வரும். அடுப்பு நீலமாக எரியத் தொடங்கிய பிறகே, குறைந்த அளவில் கழிவிடலாம். இடையில் கலனருகே தீக்குச்சி கொளுத்திச் சோதிக்க வேண்டாம்.